பிராங்கோஸ் பெண்கள் ரக்பி அணி: நீங்கள் கேட்டவையும் கேட்கத் தயங்கியவையும்

பிரிஸ்பேனுக்குக் குடிவந்த புதிதில், ஆபீஸில் திங்கட்கிழமை காலை எல்லாரும் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் டீ கப்போடு சும்மா நின்றிருக்கிறேன். அது ரக்பி லீக் பேச்சு என்று புரியவே ஆறு மாதம் ஆயிற்று. இப்போது நிலைமை தலைகீழ், ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டுவிட்டேன்.

பிராங்கோஸ் என்பது யார்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனின் கிளப். பிராங்கோ என்றால் பழக்கப்படுத்தாத முரட்டுக் குதிரை. ஆண்கள் அணி 1988இல் களத்துக்கு வந்தது. பெண்கள் அணி 2018இல், பெண்களுக்கான தேசிய லீக் ஆரம்பித்த அதே வருடம் வந்தது. அந்த லீக்கை இங்கே என்ஆர்எல்டபிள்யூ என்பார்கள். முதல் வருடம் மொத்தமே நான்கு அணிகள்: பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். அது 2021 சீசனில் 6, 2023இல் 10, 2025இல் 12 என்று வளர்ந்திருக்கிறது.

ரக்பி, ரக்பி லீக் இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் சம்பளப் பேச்சு வரும்போது இது தேவைப்படும்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரக்பி ஒரே ஆட்டமாகத்தான் இருந்தது. தெற்கே ஆடியவர்களில் நிறையப் பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆடினார்கள். மேட்சுக்குப் போனால் அவர்களுக்கு அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியையாவது ஈடுகட்டிக் கொடுங்கள் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. காசு வாங்கி ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். மற்றது ரக்பி யூனியன். அதில் 15 பேர், லீக்கில் 13 பேர். சிட்னியில் 1907இல் இதே கதை நடந்தது. அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் ஆட்டத்தில் தோளில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார், அவருக்கு ஈடு கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் ஆஸ்திரேலியாவில் லீக் கிளம்பியது.

ஆக, ஆடப் போனால் கூலி போகுதே என்ற சண்டையில் பிறந்த ஆட்டம் இது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டம் எப்படி? எதுவுமே தெரியாமல் பார்த்தால் புரியுமா?

கபடி பார்த்த கண்ணுக்குப் பாதி புரிந்துவிடும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிக்குள் ஓட வேண்டும், அவர்கள் பிடித்துச் சாய்ப்பார்கள். பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். காலால் உதைத்தால் மட்டும் முன்னால் போகலாம். பிடிபடுவதற்கு 6 வாய்ப்பு. ஆறாவது முறையும் பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்கு, அதனால் பெரும்பாலும் ஐந்தாவது பிடி முடிந்ததும் யாராவது ஓங்கி உதைத்துவிடுவார்கள். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதற்கப்புறம் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2.

இதில் புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பிடிபட்டுக் கீழே விழுந்தவர் எழுந்து, எதிரணியைப் பார்த்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, குதிகாலால் பின்னால் உருட்டிவிடுவார். பின்னால் குனிந்து காத்திருப்பவர் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இதெல்லாம் மூன்று நான்கு நொடிதான், ஆனால் மொத்த ஆட்டமும் அதற்குள் இருக்கிறது. விழுந்தவர் சட்டென்று எழுந்துவிட்டால் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி ஒழுங்காக வரிசை கட்டுவதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடும். அதனால்தான் பிடித்தவர்கள் மேலே கிடந்து, முதலில் ஒரு கை, அப்புறம் ஒரு முழங்கை, அப்புறம் மெதுவாக உடம்பு என்று தவணை முறையில் எழுந்துகொள்வார்கள். நடுவர் கத்திக்கொண்டே இருப்பார். டிவியில் இது தெரிவதில்லை. வேலியோரம் நின்று பார்த்தால் கீழே கிடப்பவர் 'விடு, விடு' என்று திமிறுவதும், நெஞ்சில் தோள் மோதும் சத்தமும் கேட்கும். ஈர மணல் மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

பெண்களுக்கு விதி வேறா?

அநேகமாக அதேதான், பிடியும் அதே பிடிதான். நேரம் கொஞ்சம் குறைவு: ஆண்களுக்கு 80 நிமிடம், பெண்களுக்கு 70. ஆரம்ப வருடங்களில் 60தான் இருந்தது. இன்னொரு வித்தியாசம் எனக்குப் பிடித்தமானது. உங்கள் பக்கத்து 40 மீட்டர் கோட்டுக்குள் நின்று உதைத்து, பந்து உள்ளே ஒருமுறையாவது குதித்துவிட்டு எதிரணியின் 30 மீட்டர் பகுதிக்குள் பக்கக் கோட்டைத் தாண்டினால் பந்து உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். ஆண்களுக்கு அது 20 மீட்டர் பகுதிக்குள் விழ வேண்டும். இதைச் சலுகை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதனால் உதைப்பவர் துணிந்து முயற்சி செய்கிறார், பின்னால் நிற்பவர்கள் எப்போதும் பதறிக்கொண்டே இருக்கிறார்கள், பார்க்கிற நமக்கு லாபம்.

பெண்கள் ஆட ஆரம்பித்ததே 2018இல்தானா?

லீக்தான் 2018இல் வந்தது. 1921 செப்டம்பரிலேயே சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் மோதியிருக்கின்றன, சுமார் 20,000 பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். மேகி மோலோனி என்ற பெண் 4 ட்ரை போட்டிருக்கிறார். இவ்வளவு கூட்டம் வந்தால் மறுவாரமும் நடத்தியிருக்க வேண்டுமே? நடக்கவில்லை. ஆட்டத்தை நிர்வகித்தவர்களுக்குப் பெண்கள் ஆடுவதில் விருப்பமில்லை, அது அப்படியே அமுங்கிப் போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கிட்டத்தட்ட 100 வருடம் வீண்.

குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையேயான பெண்கள் போட்டி 1999இல் தொடங்கியது, ஆனால் ஆண்களின் இரு மாநிலத் தொடருக்கு உள்ள ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற பெரிய பெயர் அதற்கு 2018இல்தான் கிடைத்தது. உலகக் கோப்பை 2000இலிருந்து நடக்கிறது. முதல் மூன்றையும் நியூசிலாந்து எடுத்தது. அடுத்த மூன்றும், அதாவது 2013, 2017, 2022 மூன்றும் ஆஸ்திரேலியாவுக்கு. 2022 இறுதியில் நியூசிலாந்தை 54-4 என்று அடித்ததைப் போட்டி என்றே சொல்ல முடியாது.

பிராங்கோஸ் இதுவரை எத்தனை கோப்பை?

நான்கு. 2018, 2019, 2020 மூன்றையும் வரிசையாக எடுத்தார்கள். முதல் இறுதியில் ரூஸ்டர்ஸை 34-12, அடுத்த வருடம் டிராகன்ஸை 30-6, 2020இல் மறுபடி ரூஸ்டர்ஸை 20-10. அப்போதெல்லாம் ஒரு சீசன் என்பது ஆளுக்கு மூன்று லீக் ஆட்டம், அப்புறம் நேராக இறுதிப் போட்டி. உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும். நான்காவது கோப்பை 2025இல்.

நடுவில் ஐந்து வருடம் எங்கே போனார்கள்?

அணிகள் கூடினால் ஆட்கள் சிதறத்தானே செய்வார்கள்? 2021 சீசனில் (கோவிட் காரணமாக அது 2022 தொடக்கத்தில்தான் நடந்தது) லீக் சுற்றில் முதலிடம் பிடித்துவிட்டு அரையிறுதியில் ரூஸ்டர்ஸிடம் 22-16 என்று தோற்றார்கள். உடனே அடுத்த அடி. ஃபுல்பேக் (கடைசித் தடுப்பாக நிற்பவர்) டமிக்கா அப்டனும் முன்வரிசை மில்லி பாயிலும் நியூகாஸில் நைட்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த நைட்ஸ் 2022, 2023 இரண்டு வருடமும் கோப்பை தூக்கியது. 2022இல் பிராங்கோஸ் அரையிறுதிக்கே வரவில்லை. அதோடு இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் டாரின் எய்க்கன் ரூஸ்டர்ஸுக்குப் போனார். 2023 அரையிறுதியில் நைட்ஸிடம் 30-24. 2024 அரையிறுதியில் க்ரோனுலா ஷார்க்ஸிடம் 14-0, ஒரு புள்ளிகூட எடுக்காமல். அதைப் பற்றி எழுதவே எனக்கு இஷ்டமில்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்.

2025இல் அப்படி என்னதான் மாறிவிட்டது?

அப்டன் திரும்பி வந்தார். ஒரே ஆளா என்று கேட்பீர்கள், ஒரே ஆளால் இல்லைதான், ஆனாலும் அவர் வந்ததும் அணியின் நடையே மாறியது உண்மை. அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கமும் அவருக்குத்தான் கிடைத்தது, 2023க்குப் பிறகு இரண்டாவது முறையாக.

இறுதிப் போட்டி அக்டோபர் 5, சிட்னியில். எதிரே ரூஸ்டர்ஸ், அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. பிராங்கோஸ் 22-18 என்று ஜெயித்தது. வித்தியாசம் 4 புள்ளி, அதாவது ஒரே ஒரு ட்ரை. அதே நாள், அதே மைதானத்தில், பிராங்கோஸ் ஆண்கள் அணி மெல்பர்ன் ஸ்டார்மை 26-22 என்று ஜெயித்தது. அங்கேயும் அதே 4 புள்ளி! ஆண்கள் 2006க்கு அப்புறம் கோப்பையைத் தொட்டதே அன்றுதான். ஒரே வருடத்தில் இரண்டு கோப்பையையும் ஒரே கிளப் எடுத்தது அதற்கு முன் நடந்ததில்லை. அன்று ராத்திரி எங்கள் தெருவில் ஹார்ன் சத்தம் அடங்க ஒரு மணி ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், எப்போதும் புல்வெட்டும் மெஷினோடு முறைத்துக்கொண்டே திரிகிறவர், வாசலில் நின்று கையை ஆட்டினார்.

யாரையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் கேப்டன் அலி பிரிகின்ஷா. இப்ஸ்விச்காரர், பிரிஸ்பேனுக்கு மேற்கே பக்கத்து ஊர். நான்கு கோப்பையிலும் இருந்தவர், மூன்று உலகக் கோப்பை வென்றவர், 2020இல் டாலி எம் வாங்கியவர். ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஹாஃப்பேக்காகவும் ஆடுவார், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லாக் இடத்திலும் ஆடுவார். அவர் ஓடுவதைவிடக் கை காட்டுவதைக் கவனியுங்கள். பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருப்பார், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியம்மா மாதிரி.

அப்டனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ராக்ஹாம்ப்டன் பக்கத்திலிருந்து வந்தவர். ஃபுல்பேக் என்றால் எண் 1, கடைசித் தடுப்பு; ஆனால் தாக்கும்போது எங்கிருந்து முளைத்தார் என்றே தெரியாமல் வரிசையில் வந்து சேர்ந்துகொள்வார்.

விங்கர் ஜூலியா ராபின்சன். விங்கர் என்றால் ஓரத்தில் பறக்கிற ஒல்லியான ஆள் என்று நினைத்தால், இவர் முன்வரிசை ஆட்டக்காரர் போல முட்டிக்கொண்டு ஓடுவார். விங்கருக்கு உள்பக்கம் நிற்கும் சென்டர் மெலே ஹுஃபாங்கா நியூசிலாந்துக்காரர், அவரைத் தனியாளாக நிறுத்தப் பார்ப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கும். கேய்ல் ப்ரௌட்டன் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் நியூசிலாந்துக்காக டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு இங்கே வந்தவர். முன்வரிசையில் செல்சீ லெனார்டுசி. ப்ராப் என்ற இடத்தில் ஆடுபவர்களை யாரும் போஸ்டரில் போடுவதில்லை, ஆனால் முதல் பத்து நிமிடம் அவர்கள் முட்டி வழி பண்ணாவிட்டால் மற்றவர்களுக்கு ஓட இடமே கிடைக்காது.

பயிற்சியாளர் யார்?

2023இலிருந்து ஸ்காட் பிரின்ஸ். 2005இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன், அந்த இறுதியின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். பிராங்கோஸுக்கும் ஆடியிருக்கிறார். மௌன்ட் ஐசா என்ற சுரங்க நகரத்துக்காரர், பூர்வகுடி.

சம்பளம் எவ்வளவு? ஐபிஎல் மாதிரியா?

ஐபிஎல்லை மறந்துவிடுங்கள். ஆட்டக்காரர்கள் சங்கமும் லீக் நிர்வாகமும் 2023இல் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டன. அதன்படி என்ஆர்எல்டபிள்யூவில் குறைந்தபட்சச் சம்பளம் 2023இல் 30,000 ஆஸ்திரேலிய டாலர். 2027இல் 50,600 ஆகும். ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 2023இல் சுமார் 9 லட்சம் டாலர், 2027இல் சுமார் 15 லட்சம். அதே 2023இல் ஆண்கள் அணியின் வரம்பு சுமார் 1 கோடியே 21 லட்சம் டாலர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

30,000 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். பிரிஸ்பேனில் வீட்டு வாடகை கட்டி, கார் ஓட்டி, வருடம் முழுக்க இதிலேயே இருந்துவிட முடியாது. நல்ல விஷயமும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது: மருத்துவக் காப்பீடு, கர்ப்பகால, பிள்ளைப்பேறு விதிகள் எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன. அதற்கு முன்னால் இதெல்லாம் கிளப்பின் மனசைப் பொறுத்தது.

அப்படியானால் இது முழுநேரத் தொழிலா இல்லையா?

பாதிதான். சீசன் ஜூலையில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை, அதற்கு முன்னால் சில வாரம் பயிற்சி. மீதி மாதங்களில் பலருக்கு வேறு வேலை, படிப்பு. சீசனிலும் காலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி என்று ஓடுகிறவர்கள் உண்டு. வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கும் டவுன்ஸ்வில்லில் சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை லீவு யாரிடம் கேட்பது? 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கேட்ட கேள்வியேதான். இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பெருமையாகப் பேசுகிற லீக் பெரியவர்களிடம் எனக்கு இதைத்தான் கேட்கத் தோன்றும்: உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் நியாயமாக இருந்தது இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் தவணை முறையில் வருகிறது? லீக் இன்னும் போதுமான காசு சம்பாதிக்கவில்லை என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 100 வருடம் கடையைத் திறக்கவே விடாமல் வைத்திருந்துவிட்டு வியாபாரம் ஆகவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடிபடாதா?

என் சித்தி கேட்கிற முதல் கேள்வியும் இதுதான். அடிபடும். தோள், விரல், கணுக்கால், எல்லாவற்றுக்கும் மேலாக முட்டி. திரும்பும்போது முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்துவிட்டால் ஏறக்குறைய ஒரு வருடம் போயிற்று, இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. மூன்று மாத சீசனில் அந்த ஒரு வருடம் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே அழைத்துப் போய்ச் சோதிப்பார்கள், தேறாவிட்டால் அன்று திரும்ப முடியாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவரே சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் சீக்கிரம் போனால் உடம்பெல்லாம் டேப் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். மணிக்கட்டில் சுற்றிய வெள்ளை டேப்பில் பேனாவால் ஏதாவது எழுதியிருப்பார்கள், பிள்ளை பெயரோ பாட்டி பெயரோ. ஆட்டம் முடிவதற்குள் அது வேர்வையில் ஊறி நீல மசியாக வழிந்திருக்கும்.

பெண் பிள்ளைகள் இதை எப்படி ஆரம்பிக்கிறார்கள்?

பிடித்துச் சாய்க்காத வகைகள் இருக்கின்றன. டச் ஃபுட்டியில் தொட்டாலே பிடி. லீக் டேகில் இடுப்பில் ஒட்டியிருக்கும் பட்டையை இழுத்தால் பிடி. பெரிய பெயர்கள் பலர் டச் ஃபுட்டியில் ஆரம்பித்தவர்கள்தான். முழு ஆட்டம் என்றால் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார்கள், அப்புறம்தான் பிடிக்க.

எதைப் பார்த்து ஆரம்பிக்கலாம்?

நேரில் பார்க்க வேண்டும் என்றால் பிரிஸ்பேனில் கூர்பரூ பகுதியில் உள்ள லாங்லாண்ட்ஸ் பார்க் மாதிரிச் சின்ன மைதானம்தான் என் சிபாரிசு. பெரிய ஸ்டேடியத்தில் கூட்டம் தெரியும், இங்கே ஆட்டம் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 'வாட்ச் என்ஆர்எல்' என்ற செயலி. 2026 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை வேறு இருக்கிறது, பெண்களில் 8 அணிகள்.

2025 இறுதிப் போட்டியின் முழுப் பதிவு கிடைத்தால் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எல்லாரும் பார்க்கிற மாதிரி பந்தைப் பாருங்கள். இரண்டாவது முறை பந்தை விட்டுவிட்டு பிராங்கோஸின் எண் 1 போட்டவரை, அதாவது அப்டனை மட்டும் பாருங்கள். பந்து இடது ஓரத்தில் இருக்கும், அவர் நடுவில் ஏதோ வீட்டுக்கு வழி மறந்த மாதிரி நடந்துகொண்டிருப்பார். திடீரென்று நடை ஓட்டமாகும். ஏன் ஓடுகிறார் என்று நமக்குப் புரிய இன்னும் இரண்டு பாஸ் ஆகும்.